தலைகீழாக எழுதச் சொல்வது புதிரா, ஏமாற்றா?

கேள்வி (ஒரு வாசகர்), ஜூன் 4, காலை

தினமும் நாளிதழில் வரும் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டும் சரி. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று இன்னும் இரண்டு எதற்கு? அதுவும் போதாமல் அடைப்புக்குறிக்குள் 'கலைந்துள்ளது' என்று வேறு போடுகிறார்கள், விடையின் எழுத்துகளை வரிசை மாற்றிக் கட்டத்தில் எழுத வேண்டுமாம். ஆங்கிலப் புதிர்களில் இப்படிக் கிடையாது. கட்டத்தைச் சரியாக அமைக்கத் தெரியாதவர்கள் எடுக்கும் குறுக்குவழி இது என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

ஜூன் 4, இரவு

மறுக்க மாட்டேன். 15 வருடங்களாக இதே கோபம் எனக்கும் இருக்கிறது.

எனக்கு இந்தப் பழக்கம் அத்தையிடமிருந்து வந்தது. அவர் பேனாவால்தான் எழுதுவார், பென்சிலைத் தொடவே மாட்டார். தாளை நான்காக மடித்து, புதிர் மட்டும் மேலே தெரியும்படி முழங்கால் மீது வைத்துக்கொள்வார். முதலில் எல்லாக் குறிப்புகளையும் வாய்விட்டுப் படிப்பார், ஒன்றையும் எழுதமாட்டார். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் பேனா திறக்கும். நான் பென்சில்காரன். செய்தித்தாளில் இரண்டு முறை ரப்பர் போட்டால் தாள் பஞ்சு பஞ்சாகி மூன்றாவது முறை கிழிந்துவிடும். என் கட்டங்களில் கிழிந்த இடங்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'கலைந்துள்ளது' என்ற குறிப்புக்கு உரியவைதான்.

எனவே கேள்வி கேட்டவர் பக்கமே நிற்கிறேன். விடை கண்டுபிடித்தவனுக்கு அதை நேராக எழுதும் உரிமை உண்டு.

ஜூன் 5

இரவு எழுதியதை விடிந்ததும் படித்தேன். இரண்டு வேறு குற்றங்களை ஒரே கூண்டில் ஏற்றிவிட்டேன் என்று தோன்றுகிறது. திருப்பி எழுதுவது வேறு, கலைத்து எழுதுவது வேறு. முன்னதில் எழுத்துகளின் வரிசை அப்படியே இருக்கிறது, போகும் திசை மட்டும் மாறுகிறது. பின்னதில் வரிசையே இல்லை.

'புத்தகம்' ஐந்து கட்டம். ஐந்தும் வெவ்வேறு எழுத்து. கலைத்தால் 120 விதமாக எழுதலாம். குறுக்கே போகும் சொற்களிலிருந்து இரண்டு கட்டங்கள் கிடைத்தாலும் மீதி மூன்றை ஆறு விதமாக நிரப்பலாம். அந்த ஆறில் எது புதிர் போட்டவர் மனத்தில் இருந்தது என்பது மறுநாள் தாள் வந்த பிறகுதான் தெரியும். விடை தெரிந்த பிறகும் எழுத முடியாமல் நிற்பது, சாவி கையில் இருந்தும் கதவு திறக்காமல் நிற்பதைப் போன்றது.

ஜூன் 7, காலை

புதிதாகத் தொடங்கிய ஒருவர், குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தமிழ்க் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'கு' ஒரு கட்டம், 'கெ' ஒரு கட்டம், புள்ளி வைத்த 'க்' தனியாக ஒரு கட்டம். 'குறுக்கெழுத்து' ஏழு கட்டம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று வரலாம். நமக்கு 247. குறுக்கே வந்த ஒற்றை எழுத்து நமக்குச் சொல்லும் சேதி அதனால் மிகவும் பெரியது. 'கெ' என்று வந்துவிட்டால் 'க', 'கி', 'கு' எல்லாம் போயே போய்விட்டன.

புள்ளி எழுத்து கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடத்தில் மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்து மறந்த பாடம் கட்டத்துக்குள் உயிரோடு இருக்கிறது. க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே வரிசை எழுத்துதான் வரும். 'த்' கிடைத்தால் அடுத்த கட்டத்தில் த, தா, தி, து என்று ஏதோ ஒன்று. வேறு வழியே கிடையாது. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேராது, அடுத்த கட்டத்தில் இன்னொரு ர-வையோ ழ-வையோ தேட வேண்டாம். 'ங்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு க வரிசைக்குப் போகலாம் (அங்ஙனம், இங்ஙனம் விதிவிலக்கு). 'ட்' வந்தால் ட, இல்லாவிட்டால் க, ச, ப: வெட்கம், கட்சி, நட்பு. 'ற்'-க்கும் அப்படியே.

நேற்றைய தாளில் 'விடாமல் செய்வது (4)' என்று ஒரு குறிப்பு. மூன்றாவது கட்டத்தில் 'ற்' மட்டும் கிடைத்திருந்தது. நான்காவது ற, க, ச, ப இவற்றில் ஒரு வரிசை. 'சி' என்று வைத்துப் பார்த்தேன், 'முயற்சி' தானாக வந்து உட்கார்ந்தது.

இன்னொன்று: வல்லின மெய் எதுவும் சொல்லின் கடைசியில் நிற்காது. கடைசிக் கட்டத்தில் 'க்' வந்திருந்தால் குறுக்கே எழுதியது தவறு.

ஜூன் 7, மாலை

திருத்தம். பக்தி, சக்தி, சப்தம் என்று மூன்று சொற்களை எடுத்துக்காட்டி, 'க்', 'ப்' பின்னால் 'த' வருகிறதே என்று இருவர் மடக்கியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். விதி தமிழ்ச் சொற்களுக்கு. வடசொல்லும் பிறமொழிச் சொல்லும் நாளிதழ்ப் புதிரில் தாராளமாக வரும். 'வேறு வழியே கிடையாது' என்று எழுதியதை 'பெரும்பாலும்' என்று மாற்றிப் படியுங்கள்.

ஜூன் 9

இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டது. கேள்வி கேட்டவர் 'கட்டம் அமைக்கத் தெரியாதவர்கள்' என்று சொன்னாரே, அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, நாமே ஒன்றை அமைத்துப் பார்ப்போம் என்று கட்டம் போட்ட நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஐந்துக்கு ஐந்து. அதிலும் நான்கு ஓரங்கள் மட்டும்.

மேல் வரிசையில் 'புத்தகம்' எழுதினேன். இடது ஓரத்தில் பு-வில் தொடங்கிக் கீழே இறங்கும் ஐந்தெழுத்துச் சொல் வேண்டும். 'புகலிடம்' கிடைத்தது. இனி வலது ஓரம். மேல் வலது மூலையில் 'ம்' நிற்கிறது. அதில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். 'ம்' என்று தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? கீழ் இடது மூலையிலும் அதே 'ம்'. அதில் தொடங்கி வலப்பக்கம் போக வேண்டும். அதற்கும் வழியில்லை.

'புத்தகம்' வேண்டாம் என்று அழித்தேன். 'மரங்கள்' போட்டேன். மூலையில் 'ள்'. 'சகோதரன்' போட்டேன். மூலையில் 'ன்'. 'வெள்ளிவிழா' என்று உயிர்மெய்யில் முடிய வைத்தேன். 'ழா' என்று தொடங்கும் சொல் இல்லை. 'அடுக்களை' போட்டேன். 'ளை' என்றும் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதை இலக்கணமாகப் படித்திருக்கிறேன். அந்த எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வழி மறிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் சொற்களுக்குத் தொடங்கும் எழுத்துகள் ஒரு கூட்டம், முடியும் எழுத்துகள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடம் குறைவு. ஆனால் ஒரு சொல் முடிந்து இன்னொரு சொல் தொடங்கும் மூலை இருக்கிறதே, அது இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்று கேட்கிறது.

இரவு 11 மணிக்குத்தான் உறைத்தது. அந்த மூலையில் சொல் தொடங்க வேண்டாம், முடியட்டும். வலது ஓரத்தில் கீழிருந்து மேல் 'நிலவரம்'. கீழ் வரிசையில் வலமிருந்து இடம் 'நியமனம்'.

பு த் த க ம்
க ■ ■ ■ ர
லி ■ ■ ■ வ
ட ■ ■ ■ ல
ம் ன ம ய நி

பு-வில் இரண்டு சொற்கள் தொடங்குகின்றன, நி-யில் இரண்டு தொடங்குகின்றன, இரண்டு 'ம்'-மிலும் இரண்டிரண்டு சொற்கள் வந்து முடிகின்றன. கட்டம் பூட்டிக்கொண்டது. 15 வருடங்களாக யார்மேல் கோபப்பட்டேனோ அவர் எந்த இடத்தில் நின்று அந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது தெரிந்தது. ஜூன் 4 இரவு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 10, காலை

ஒருவர் நேர்ச்சொற்கள் மட்டும் வைத்தே ஒரு மூன்றுக்கு மூன்று கட்டி அனுப்பியிருக்கிறார். அழகு:

க வி தை
ரு ■ ய
வி ர ல்

கவிதை, தையல், கருவி, விரல். எதுவும் தலைகீழ் இல்லை. ஆக, முடியாது என்று நான் சொன்னால் அது பொய். 'தை', 'வி' போலச் சொல்லின் முடிவிலும் வரும், முதலிலும் வரும் எழுத்தாகப் பார்த்து மூலையில் வைக்க வேண்டும். கை, து, பு, மை, தி, சி எல்லாம் அப்படிப்பட்டவை. மூன்றெழுத்தில் செய்துவிட்டார். ஐந்து, ஏழு என்று நீளும்போது, 'ம்' என்று முடியும் பெயர்ச்சொற்களை எல்லாம் மூலையிலிருந்து விலக்கி வைத்துவிட்டு ஒரு முழுக் கட்டத்தைத் தினமும் கட்டுவது சின்ன வேலை இல்லை. அடம்பிடித்துச் செய்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம்.

'ரயில், லாரி, டிக்கெட், ஸ்கூட்டர் எல்லாம் முதலில் வருகின்றனவே' என்று இன்னொருவர். வருகின்றன. மூலையில் சிக்கிக்கொண்டவருக்கு ரயிலும் லாரியும் பெரிய துணை. நாளிதழ்ப் புதிர்களில் அவை அடிக்கடி தலைகாட்ட அதுவும் ஒரு காரணம் என்று ஊகிக்கிறேன்.

ஜூன் 10, இரவு

காலையில் சொல்ல விட்டுப்போனது. இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மெய்ம்மயக்கம் பற்றி 7-ஆம் தேதி எழுதினேன் அல்லவா? திருப்பி எழுதிய சொல்லில் அந்த விதி அப்படியே செல்லுபடியாகும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. வலமிருந்து இடம் போகும் சொல்லில் 'த்' கிடைத்தால் அதற்கு இடப்பக்கக் கட்டத்தில் த வரிசை. கீழிருந்து மேல் போனால் அதற்கு மேல் கட்டத்தில். திசையைத்தான் குறிப்பின் தலைப்பே சொல்லிவிடுகிறதே. ஆக, திருப்பி எழுதச் சொல்பவர் தீர்ப்பவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

கலைத்து எழுதச் சொல்பவர் பறிக்கிறார். 'த்' கிடைத்தாலும் அதன் துணை எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'க்' முதல் கட்டத்திலும் இருக்கலாம், கடைசியிலும் இருக்கலாம். இந்த மொழி நமக்குக் கொடுத்திருக்கும் எல்லாக் கைப்பிடியையும் ஒரே சொல்லில் உடைத்துப் போடுகிறது அந்தக் 'கலைந்துள்ளது'. கேள்வி கேட்டவரே, உங்கள் குற்றச்சாட்டில் இந்தப் பாதி நிற்கிறது.

ஜூன் 12

பேச்சு திசை மாறி, திரும்பினாலும் பொருள் தரும் சொற்கள் எவை என்று போய்விட்டது. நானும் கலந்துகொள்கிறேன். சாவி – விசா. வாசி – சிவா. கைதி – திகை. முதல் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை, மூன்றாவது சென்ற வாரம் பஸ்ஸில் கிடைத்தது. விகடகவி எந்தப் பக்கம் பார்த்தாலும் விகடகவிதான், அதைச் சேர்க்கக் கூடாது. ஒருவர் 'நதி – தின' என்று எழுதியிருக்கிறார். வராது. முதலில் வருவது ந, கடைசியில் வருவது ன. காதுக்கு ஒன்று, கட்டத்துக்கு இரண்டு.

குறிப்பிலேயே திருப்பத்தைச் சொல்லி, விடையை நேராக எழுத வைக்கலாமே என்று அவர் கேட்டது நல்ல யோசனை. 'திரும்பிய சிவாவைப் படி (2)' என்றால் விடை வாசி. கட்டத்தில் நேராகவே உட்காரும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த இன்னும் மூன்று:

தலை போனால் கல், இடை போனால் பல், முழுதாக இருந்தால் வெளிச்சம் (3).

விட்டுவிடு, பிறகு சிரம். கிடைப்பது சுதந்திரம் (4).

கொடு ஒரு மானை, பூ கிடைக்கும் (3).

பகல், விடுதலை, தாமரை. கடைசியில் 'தா'வும் 'மரை'யும். மரை என்பது மானில் ஒரு வகை. இப்படிப்பட்ட குறிப்பில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்ய வேண்டும், வேடிக்கைக்காக ஒரு சொல் நின்றாலும் தீர்ப்பவர் அதன் பின்னால் ஓடி அரை மணி நேரத்தைத் தொலைப்பார்.

ஜூன் 13

'கொடு' என்றால் 'தா' ஆகுமா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். தொல்காப்பியம் மூன்றையும் பிரித்திருக்கிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ, சமமானவரிடம் கேட்டால் தா, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் கொடு. ஐயா சொல்வது சரி. அப்படியானால் 'நண்பனிடம் மானைக் கேட்டால் பூ கிடைக்கும் (3)' என்று மாற்றிக்கொள்கிறேன். முன்னதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. திருத்தத்தால் குறிப்பு மேம்படுவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கும்.

ஜூன் 15

கணினியில் கட்டம் அமைக்க முயன்ற ஒருவர், 'புதிர்' என்ற சொல்லுக்கு நிரல் ஆறு கட்டம் ஒதுக்குகிறது என்று புலம்புகிறார். ஒருங்குறியில் (யூனிகோட்) ப, உகரக் குறி, த, இகரக் குறி, ர, புள்ளி என்று ஆறாகத்தான் சேமிக்கப்படுகிறது. 'குறுக்கெழுத்து' 14 ஆகிவிடும். குறிகளையும் புள்ளியையும் முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்து எண்ணச் சொல்லுங்கள், மூன்றும் ஏழும் வரும். ஸ்ரீ வந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக: முதல் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்தது. அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். வைர வடிவம், நடுவில் வெற்றிடம். அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழையால் அது 'கிராஸ்-வேர்ட்' ஆகி அப்படியே நிலைத்துவிட்டது என்பார்கள். திருப்பி எழுதுவதை எதிர்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும், விளையாட்டின் பெயரே திரும்பி வந்ததுதான்.

1924-இல் இதை வீண்பொழுது என்று திட்டிய நியூயார்க் டைம்ஸ் 1942 பிப்ரவரியில் தானே ஒரு புதிரை வெளியிடத் தொடங்கியது. அதே 1942 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராப் தன் புதிரை 12 நிமிடத்துக்குள் முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் தேறிய சிலரைப் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதம் உடைக்கும் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 16

இன்று 'கடல் (2)'. யோசிக்காமல் 'ஆழி' என்று எழுதினேன். பக்கத்துச் சொல் வந்தபோது இரண்டாவது எழுத்து 'லை' என்றது. அழித்தேன். 'வாரி'யும் இல்லை. லை, லை என்று நாள் முழுவதும் மனத்துக்குள் ஓடியது. மாலையில் மேலாளர் மேசைக்கு வந்து 'அந்த வேலை முடிந்ததா?' என்றார். முடிந்தது என்றேன், இரண்டுக்கும் சேர்த்து.

வேலை என்றால் கடல் என்று எப்போதோ செய்யுளில் படித்தது. செய்யுள் வடிவிலான பழைய அகராதிகளான நிகண்டுகளில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள். குறுக்கெழுத்து போடுகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எளிமையான ஒரு சொல்லைப் போட்டு, அதன் யாரும் நினைக்காத பொருளைக் கேட்பது எல்லாக் கலைப்பையும்விட நல்ல கடினம். விடை வந்ததும் யாரையும் திட்டத் தோன்றாது.

ஜூன் 19

அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். என் ஐந்துக்கு ஐந்து கட்டத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வலது ஓரத்தில் விரலால் கீழிருந்து மேலே போனார். 'நிலவரம். சரிதான்' என்றார். கலைத்து எழுதும் குறிப்பைப் பற்றி இங்கே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: கலைந்த சொல்லின் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே ஒரு நேர்ச்சொல் போக வேண்டும், அப்படி இருந்தால் கலைக்கலாம். எழுத்துகள் குறுக்கிலிருந்தே கிடைத்துவிடும், அடுக்கிப் பார்த்து என்ன சொல் என்று கண்டுபிடிப்பதே புதிராகிவிடும். அது எனக்குத் தோன்றவே இல்லை. 5-ஆம் தேதி எழுதிய ஆறு வழிக் கணக்கும் அங்கே எழாது.

'இதுவரை நீங்கள் எப்படித்தான் எழுதுவீர்கள்?' என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அன்றைய தாளை நீட்டினார். எல்லாக் கட்டமும் நீல மையில் நிரம்பியிருந்தது. 14-ஆம் எண்ணில் மட்டும், 'நகரம் ஒன்று கலைந்துள்ளது (5)', குறுக்கே வந்த இரண்டு எழுத்துகள் இருந்தன. மீதி மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். 'மதுராந்தகமா?' என்றேன். 'அது ஏழு கட்டம்ப்பா' என்றார். பக்கத்து வெற்றிடத்தில் சிறிய எழுத்தில் 'சிதம்பரம்' என்று எழுதியிருந்தது. ம்-மோடு ஆறு கட்டம். அதையும் அடித்திருந்தார். கீழே 'தஞ்சாவூர்' என்று நேராக எழுதி ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.